மாட்டுப் படம் போட்ட தகரப்பேணி

சுவிசில், வின்டர்தூரில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் இடம் கெல்லருக்குள், நிலத்துக்குக் கீழே இருந்தது. மேலே உள்ளவர்கள் எங்களைக் காண்பதில்லை. மடித்த துணி மட்டும் லிப்டில் ஏறிப் போகும். எனக்கு அது வசதியாக இருந்தது. ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. ஊரில் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தேன். வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால் தெரிந்த விடையும் தொண்டைக்குள் நின்றுவிடும். அதனால் இயந்திரங்கள் இரைகிற அந்தக் கெல்லர் எனக்கு நிம்மதி. அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது.

என்னோடு வேலை செய்தவள் ஒரு துருக்கிக்காரி. என்னைவிட நாலைந்து வயது இளையவள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. நான் கதைக்காத கதையையும் சேர்த்து அவளே கதைப்பாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் துருக்கி தெரியாது. எங்களுக்கு நடுவில் இருந்தது உடைந்த ஜெர்மன்தான். அதுவும் கறை, ஈரம், விரிப்பு, கெதியாய், முதுகு நோகுது என்கிற அளவுக்குத்தான். அவள் என்னை "அப்லா" என்று கூப்பிடுவாள். அவர்களின் பாஷையில் அக்கா. நான் அவளைத் தங்கச்சி என்றே கூப்பிட்டேன்.

மத்தியானச் சாப்பாடு மேலே கன்டீனில். நான் மாடு சாப்பிடுவதில்லை, அவள் பன்றி சாப்பிடுவதில்லை. சமையல்காரர் எழுதி வைத்திருப்பதை எங்கள் இரண்டு பேருக்கும் வாசித்து விளங்குவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். அதனால் முதலில் மேலே போகிறவர் சட்டியை எட்டிப் பார்த்து மற்றவருக்குச் சைகை காட்டுவோம். மாடு என்றால் தலையில் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி வைப்பாள். பன்றி என்றால் நான் மூக்கு நுனியை மேலே தள்ளிக் காட்டுவேன். மீன் என்றால் கையை நெளிக்க வேண்டும். சில நாள் கொம்பும் மூக்கும் ஒன்றாக வரும். அன்றைக்கு இரண்டு பேரும் பாணும் சீஸும் எடுத்துக்கொண்டு கெல்லருக்கே இறங்கிவிடுவோம். கூச்சம் பிடித்த நான் அத்தனை பேர் இருக்கிற கன்டீனில் மூக்கைத் தள்ளிக்கொண்டு நின்றேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கே நம்ப முடியவில்லை. அவளுக்காகத்தான் அப்படி நின்றேன்.

என் கணவர் எனக்கு நேர்மாறு. ஒரு ரெஸ்டோரன்டில் சமையலறை வேலை. மரத்தோடும் கதைக்கக் கூடிய மனுஷன். என்னைக் கூட்டிப்போக வந்தால் முதலில் அவளோடு நின்று பகிடி விட்டுவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார். அவள் அவரை "அபி" என்பாள், அண்ணை என்கிற மாதிரி. அந்த அபிக்காக வெள்ளிக்கிழமைகளில் "பெரெக்" கொண்டுவருவாள். கடுதாசி மாதிரி மெல்லிய மாத் தகடுகளுக்குள் உருளைக்கிழங்கையும் சீஸையும் வைத்துச் சுருட்டிச் சுட்டது. அதை அவள் போட்டுக் கொண்டுவரும் பேணி, சுவிஸ் பிஸ்கற் வந்த ஒரு நீலத் தகரப்பேணி. மூடியில் மலை, மலைக்கு முன்னால் மணி கட்டிய பெரிய மாடு.

முதல் தரம் அந்தப் பேணியை வீட்டுக்குக் கொண்டுபோனபோது இவர் கை வைக்கவில்லை.

"இஞ்சரும், உள்ளுக்கை என்னெண்டு வடிவாக் கேட்டனீரோ? மூடியிலை மாடு நிக்குது."

"அது பிஸ்கற் பேணியப்பா."

"பிஸ்கற் பேணிக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? கேளும் எதுக்கும்."

மறுநாள் வேலையில் மூடியைத் தொட்டுக் காட்டி, தலையில் கொம்பு வைத்து, கையை விரித்துக் கேட்டேன். அவளுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் அழுக்குத் துணி மூட்டை மேல் தொப்பென்று இருந்து கண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதன் பிறகு பேணியைத் தரும் ஒவ்வொரு முறையும் கொம்பு வைத்து, விரலை ஆட்டி, "நிக்ஸ் கூ! மாடு இல்லை, அபிக்குச் சொல்லு!" என்பாள்.

ஒருவர் சாப்பாடு தந்த பாத்திரத்தை எங்கள் ஆட்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. நான் அந்தப் பேணிக்குள் தட்டை வடை போட்டுக் கொடுப்பேன், இல்லாவிட்டால் முறுக்கு. அவசரமென்றால் ஒரு கைப்பிடி வறுத்த கச்சான் கடலை. அவள் அதை ஏதோ கைமாறு என்று நினைத்து இன்னும் கூடப் பெரெக் போடுவாள். பேணி இப்படியே எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் போய் வந்துகொண்டிருந்தது. அவள் வேலையை விட்டுப் போன கடைசி வெள்ளிக்கிழமை அது என்னிடம் வந்து நின்றுவிட்டது.

அவளுடைய கணவர் சைப்பிரஸ் தீவைச் சேர்ந்த துருக்கிக்காரர். பென்ஷன் எடுத்ததும் நிக்கோசியாவில், நகரத்தின் வடக்குப் பக்கத்தில், தன் தாய் தகப்பன் இருந்த வீட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தீவு இரண்டாகக் கிடக்கிறது. வடக்கில் துருக்கியர், தெற்கில் கிரேக்கர். நகரத்தின் நடுவாலேயே கோடு போகிறது. அவள் பிறந்தது துருக்கி நாட்டில் என்பதால் அந்தக் கோட்டைத் தாண்டித் தெற்குக்கு வர அவளை விடமாட்டார்கள். போன மாரியில் அவளுடைய கணவர் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அவளுக்குக் காலும் வீங்கத் தொடங்கிவிட்டது.

வீடியோவில் அடிக்கடி எடுப்பாள். கதைக்க இரண்டு பேருக்கும் சொல் போதாது. அவள் தன் அடுப்பில் இருப்பதைக் காட்டுவாள், நான் என் அடுப்பில் இருப்பதைக் காட்டுவேன். கடைசியில் எப்போதும் ஒரே கதைதான்.

"அப்லா, கொம். வா. நான் வர ஏலாது. நீ வா."

எங்கள் மகள் ஊஸ்டரில் இருக்கிறாள். அவள்தான் ஒருநாள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, நீங்கள் ரெண்டு பேரும் வாழ்க்கையிலை ஒரு ஃபேரியனுக்கும், ஒரு விடுமுறைக்கும் போகேல்லை. கோயில் திருவிழாவும் செத்தவீடும்தான். நான் சைப்பிரசுக்கு புக் பண்ணிப்போட்டன். தெற்குப் பக்கம் லார்னக்காவிலை ஹோட்டல், கடற்கரை. ஒருநாள் பஸ் எடுத்து உங்கடை சிநேகிதியிட்டைப் போட்டு வாங்கோ. நடந்தே அந்தப் பக்கம் போகலாம். சுவிஸ் பாஸ்போட்டைக் காட்டினால் காணும்."

இவருக்குத்தான் பெரிய சந்தோஷம். "அவளின்ரை கையாலை சுடச்சுட ஒருக்காச் சாப்பிட வேணும். இவ்வளவு காலமும் ஆறினதைத்தான் தந்தவள்" என்றார். நான் தட்டை வடை சுட்டுப் பேணியை நிரப்பினேன். அது உடையாமல் இருக்க என் சேலை ஒன்றால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஆனால் லார்னக்காவுக்குப் போன பிறகு இவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வந்தது. முதல் நாள் களைப்பு. அடுத்த நாள் வெயில் கூட. பிறகு முழங்கால். அதற்குப் பிறகு, "இண்டைக்கு ஞாயிறு, பஸ் ஒழுங்கா ஓடாது." கடற்கரையில் சப்பாத்தைக் கழற்றாமல் இருந்துகொண்டு கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை. இரவில் அவள் போனில் எடுத்து, "மோர்கன்?" என்பாள். நாளைக்கோ என்று அர்த்தம். நான் "மோர்கன்" என்பேன். கடைசியில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் மிஞ்சி இருந்தது. அடுத்த நாள் விமானம்.

அன்று காலை பேணியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தேன். இவர் என்னைப் பார்த்தார், பேணியைப் பார்த்தார்.

"சரி, வெளிக்கிடும். வடை பழுதாய்ப் போயிடும்" என்றார்.

நிக்கோசியாவில் பஸ்ஸால் இறங்கி ஒரு கடைத்தெருவால் நடந்தோம். இரண்டு பக்கமும் சப்பாத்துக் கடை, ஐஸ்கிறீம் கடை, கோப்பிக் கடை. இளம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். அந்தத் தெரு அப்படியே நேராகப் போய், ஒரு சின்னப் பெட்டிக்கடை மாதிரியான அறைக்கு முன்னால் நின்றது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் பொலிஸ். அதற்கு அப்பால் ஒரு வெறுந்துண்டு றோட்டு. இரண்டு பக்கமும் கதவடைத்த பழைய வீடுகள், பூச்சாடிகள். அதற்கும் அப்பால் இன்னொரு அறை, இன்னொரு கொடி. வெறுந்துண்டு பெரிய தூரமில்லை. இந்தப் பக்கத்தில் நின்றால் அந்தப் பக்கத்தில் நிற்கிற ஆளின் சட்டை நிறம் தெரியும்.

இவர் வாயை மூடிவிட்டார். காலையில் இருந்து பஸ் சாரதி, பக்கத்து இருக்கைக் கிழவி எல்லோரோடும் கதைத்து வந்த மனுஷன்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் கலியாணம் முடித்த காலத்தில் எங்கள் தீவிலும் இப்படித்தான் றோட்டு நடுவில் அறுந்து கிடந்தது. வவுனியாப் பக்கம் ஆமியின் காவல் சென்றிக்கும் இயக்கத்தின் சென்றிக்கும் இடையில் வெறும் றோட்டு. அதைச் சூனியப் பிரதேசம் என்பார்கள். அதால் போகும்போது இளம் ஆம்பிளை மனைவியோடு சேர்ந்து போகக்கூடாது. மனைவி முன்னால் போக வேண்டும், இடையில் கொஞ்சப் பேரை விட்டு அவன் பின்னால் வர வேண்டும், ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி. அவனைப் பிடித்தாலும் அவளாவது போய்ச் சேர்ந்து ஆட்களுக்குச் சொல்லலாம். அவள் திரும்பிப் பார்க்கவும் கூடாது. திரும்பினால் யாரைப் பார்க்கிறாள் என்று ஆமிக்காரரும் பார்ப்பார்கள். நானும் இவரும் அப்படித்தான் எத்தனையோ தரம் போய் வந்தோம். ஒருதரம் நான் இந்தக் கரையில் வந்து நின்றேன், இவர் வரவில்லை. பிடித்து வைத்திருந்து பிறகு விட்டுவிட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று இவர் எனக்குச் சொன்னதில்லை. செத்தவீட்டிலும் பகிடி விடுகிற ஆள், அதை மட்டும் பகிடியாக்கியதில்லை.

சுவிசுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. ஜெர்மன் பக்கம் கொன்ஸ்டான்ஸுக்குச் சாமான் வாங்கப் போனாலும் எல்லையில் நான் முன்னால், இவர் பின்னால். சூரிச் விமான நிலையத்திலும் அப்படித்தான். "ஏன் ரெண்டு பேரும் கோவிச்சுக்கொண்ட ஆக்கள் மாதிரிப் போறியள்?" என்று மகள் ஏசுவாள். நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம்.

அன்றைக்கும் இவர் மெதுவாகச் சொன்னார்.

"நீர் முன்னாலை போம். நான் வாறன்."

நான் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் பொலிஸ் பிள்ளை. நான் சிவப்புப் பாஸைக் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமலே கைப்பையைத் திறந்து, சேலையை அவிழ்த்து, பேணியின் மூடியையும் கழற்றி வடையைக் காட்டினேன். அவள் எழும்பி எட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டு, மூடு மூடு, போ என்று கையால் காட்டினாள். எனக்குக் காது சுட்டது. மூடியை அமத்திக்கொண்டு நடந்தேன்.

அந்த வெறுந்துண்டில் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. இவரென்றே நினைத்துக்கொண்டு நடந்தேன். அடுத்த அறையில் பாஸைக் கொடுத்தேன், தந்தார்கள். வெளியே காலை வைத்ததும் ஒரு கடைவாசல் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அவள் எழும்பி வந்தாள். ஊன்றியிருந்த பொல்லு ஒரு பக்கம் விழுந்தது. "அப்லா! அப்லா!" என்று என்னைக் கட்டிப் பிடித்ததில் பேணி இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. பழைய சவர்க்காரத் தூள் வாசம் இல்லை, ஏதோ எலுமிச்சம்பழத் தைலம் மணத்தது. சிரிப்பு மட்டும் அதேதான்.

பிறகு என் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"அபி வோ? அபி எங்கை?"

நான் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்தவர் யாரோ ஒரு வெள்ளைக்காரர். வெறுந்துண்டில் வேறு ஒருவரும் இல்லை.

கொஞ்ச நேரம் நின்றோம். போனை எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் சிக்னல் இல்லாமல் செத்துப்போய்க் கிடந்தது. அவள் பொலிசிடம் போய்த் துருக்கியில் ஏதோ கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான். இது சைப்பிரஸ், இங்கே ஒருவரும் இவரைப் பிடிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் அங்கே நிற்க முடியவில்லை. "நான் போய்ப் பாத்திட்டு வாறன்" என்று சைகையால் சொன்னேன். அவள் பேணியை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே திரும்பி நடந்தேன்.

இவர் எங்கேயும் போகவில்லை. தெற்குப் பக்கத்தில் ஐஸ்கிறீம் கடைக்கு முன்னால் ஒரு வாங்குப் பலகையில் இருந்தார். கையில் ஒரு ஐஸ்கிறீம். நக்காமலே உருகி விரலால் வழிந்துகொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

"வெயிலுக்கு வாங்கினன்."

"அவள் அங்கை பாத்துக்கொண்டு நிக்கிறாள்."

"முழங்கால் கொஞ்சம் பிழை. நீர் போட்டு வாரும்."

நான் அவருடைய முழங்காலைப் பார்த்தேன். அது சும்மா இருந்தது. கண்தான் பொலிஸ் அறையை விட்டு எடுபடவில்லை. கடுதாசி ஒன்றை எடுத்து விரலைத் துடைத்துவிட்டேன். அவர் குழந்தைப் பிள்ளை மாதிரிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப வாங்கோ, ஹோட்டலுக்குப் போவம்" என்றேன்.

"விசரே உமக்கு? அவள் தனிய மனுஷி. விடிய எழும்பிச் சமைச்சிருப்பாள். நாளைக்கு நாங்கள் பறந்திடுவம். அவளாலை இஞ்சாலை வர ஏலாது. ரெண்டு பேரும் போகாட்டி அவள் சட்டியைப் பாத்துக்கொண்டு இருக்கிறதே?"

"நீங்கள் இல்லாமல் நான் போய் என்ன கதைக்கிறது?"

"இவ்வளவு வருஷமும் கெல்லருக்கை என்ன கதைச்சனீரோ, அதைப் போய்க் கதையும்."

அது பகிடிதான். ஆனால் அவர் சிரிக்கவில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், நாங்கள் முழங்காலைப் பற்றிக் கதைக்கவில்லை என்று. அவரை இந்தப் பக்கம் தனியே விட்டுப் போகவும் மனமில்லை, அவளை அந்தப் பக்கம் நிற்க விடவும் மனமில்லை. அவர் என் கைப்பையின் வாரைத் தோளில் சரியாக எடுத்துவிட்டார்.

"போம். நான் இஞ்சைதான் இருப்பன். எழும்பவும் மாட்டன்."

பொலிஸ் பிள்ளை என்னைக் கண்டதும் பேணியைப் பார்த்துச் சிரித்தாள். இந்த முறை நான் திறக்கவில்லை. ஆனால் வெறுந்துண்டில் நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் வாங்கில் இருந்து கையை உயர்த்திக் காட்டினார். அப்படி ஒரு சென்றியில் நாங்கள் ஒருநாளும் செய்ததில்லை.

அவளிடம் என்ன சொல்வது? என்னிடம் இருந்த ஜெர்மன் விரிப்புக்கும் கறைக்கும் போதும், இதற்குப் போதாது. "பொலிட்சை. ஃப்ரூயர்" என்றேன். பொலிஸ், முந்தி, என்று. நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி, என் கையைத் தன் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அவள் வீடு ஒரு ஒழுங்கைக்குள். வாசலில் எலுமிச்சை மரம், மரத்தில் கட்டிய கயிற்றில் விரிப்புகள். அவற்றை அவள் காயப் போட்டிருந்த விதத்தைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் இல்லத்தில் போடுகிற மாதிரியே ஓரம் ஓரமாக, ஒரே அளவாக. மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பை வைத்திருந்தாள். தக்காளி, ஒலிவ், கத்தரிக்காய், தயிர், சோறு, தட்டு நிறையப் பெரெக். மூன்றாவது கோப்பையை எடுத்து உள்ளே வைக்கவில்லை. அதற்கு மேல் இன்னொரு கோப்பையைக் கவிழ்த்து மூடி வைத்தாள், பிறகு வருகிற ஆளுக்கு வைப்பது போல.

பேணியைக் கொடுத்தேன். மூடியில் இருந்த மாட்டைத் தடவிப் பார்த்தாள். "மைன கூ" என்றாள். என்ரை மாடு. வடையைக் கடித்தாள். பாதி நொறுங்கிப் போயிருந்தது, இருந்தாலும் நொறுக்கென்று சத்தம் கேட்டது. அவள் கணவருக்கும் அந்த வடை பிடிக்கும். அவருடைய படம் சுவரில் இருந்தது. அவள் படத்துக்கு நேரே வடையை ஒருதரம் உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் மற்றப் பாதியைத் தின்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் உடனே மூக்கு நுனியை மேலே தள்ளிக் காட்டினாள். நான் சோற்றுக்குள் சிரித்தேன்.

என்ன கதைத்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் காலில் நான் எண்ணெய் பூசிவிட்டேன். அவள் எனக்குக் கோப்பி போட்டாள். இல்லத்தில் இருந்த பெரிய இயந்திரம் கடைசிச் சுற்றில் குதிக்கிற மாதிரி எழும்பி நின்று உடம்பைக் குலுக்கிக் காட்டினாள், பொல்லோடு. இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இவரைத் தனியே விட்டுவிட்டு இப்படிச் சிரிக்கிறேனே என்று இடையில் ஒரு நினைப்பு வந்தது. அவளுடைய போனில் இவருக்கு எடுத்தேன்.

"எப்பிடி இருக்கிறியள்?"

"ஐஸ்கிறீம்காரன் சொந்தக்காரனாயிட்டான். அவன்ரை மகளின்ரை கலியாணக் கதை கேட்டுக்கொண்டிருக்கிறன். என்ன சாப்பாடு?"

சொன்னேன்.

"சுடச்சுடவோ?" என்று கேட்டார்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்து என்ன கேட்டார் என்று கண்டுபிடித்துவிட்டாள். எழும்பிப் போய் மிச்சப் பெரெக்கை மறுபடி அடுப்புக்குள் வைத்தாள். வெளிக்கிடும் நேரம் அதைச் சூட்டோடு பேணிக்குள் அடுக்கினாள். பிறகு விரலை உயர்த்தி எனக்குச் சொன்னாள். சீஸ் இருக்கிறது, பால் சாமான் கோடு தாண்ட விடமாட்டார்கள், அந்தப் பக்கப் பொலிஸ் பார்த்தால் எடுத்து எறிந்துவிடுவான், முதலே சாப்பிட வேண்டும், நடுவில், நடுவில். இரண்டு கையாலும் நடுவைக் காட்டினாள். நடுவில் யார் இருக்கிறார் சாப்பிட? நான் பேணியை வாங்கிக்கொண்டேன். சூடு சேலைக்கு மேலாலும் கையைச் சுட்டது.

பொல்லை ஊன்றிக்கொண்டு கோடு வரைக்கும் வந்தாள். அவர்களின் அறையைத் தாண்டி அவளால் ஒரு அடி வைக்க முடியாது. அங்கேயே என்னைக் கட்டிப் பிடித்தாள். நான் ஜெர்மனில் ஏதோ சொல்ல நினைத்தேன், வரவில்லை. தமிழில், "போட்டு வாறன் தங்கச்சி" என்றேன். அவள் "கொம்" என்றாள்.

பாஸைக் காட்டி வெளியே வந்து நிமிர்ந்தேன். வெறுந்துண்டின் நடுவில், ஒரு பூச்சாடிக்குப் பக்கத்தில், இவர் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு கையால் பூச்சாடியின் விளிம்பைப் பிடித்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எழும்பமாட்டேன் என்று சொன்ன மனுஷன் ஒரு அறையைக் கடந்து அரைவாசி வந்துவிட்டார். மிச்ச அரைவாசிக்குக் கால் வரவில்லை. நான் ஓடினேன் என்று சொல்ல முடியாது, என் வயதுக்கு அது ஓட்டம்தான்.

"நேரம் போட்டுது. உம்மைக் காணேல்லை" என்றார். "அதுதான் பாத்திட்டுப் போவம் எண்டு..."

"தனியவோ வந்தனீங்கள்?"

"அந்தப் பொலிஸ் பெட்டைதான் பாஸைப் பாத்திட்டு, போங்கோ அங்கிள் எண்டவள். போகச் சொல்லி மரியாதையாச் சொன்னால் என்ன செய்யிறது?"

எனக்குப் பின்னால் ஒரு கூப்பாடு. "அபி! அபீ!" அவள் தன் பக்கத்து அறையின் ஓரத்தில், அவர்கள் விடுகிற கடைசி இடத்தில் நின்று பொல்லை ஆட்டிக்கொண்டிருந்தாள். இவர் பூச்சாடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினார். அவள் பொல்லைச் சுவரில் சாத்தினாள். தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்தாள். பிறகு ஒரு விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"நிக்ஸ் கூ, அபி! நிக்ஸ் கூ!"

போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த துருக்கிப் பொலிசும் எட்டிப் பார்த்தான். இவர் சிரிக்கத் தொடங்கினார். காலையில் இருந்து அடைத்துக்கொண்டிருந்த சிரிப்பு. நான் பேணியைத் திறந்தேன். ஆவி பறந்தது. அந்த நடு றோட்டில், பூச்சாடியில் பேணியை வைத்து, நின்றபடி சாப்பிட்டார். ஒவ்வொரு கடிக்கும் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, கன்டீனில் நான் சாப்பிட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசித் துண்டு மட்டும் மிஞ்சியது. நான் அதைத் தின்றேன்.

ஒரு பொலிஸ்காரன் இங்கே நிற்கக்கூடாது, போங்கள் என்று கையைக் காட்டினான். இவர் மூடியை எடுத்துப் பேணியை மூடினார். அவளுக்குத் தெரிய அதை உயர்த்திக் காட்டினார். அவள் நெஞ்சில் கை வைத்தாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் திரும்பினோம்.

தெற்கு அறைக்குக் கிட்ட வந்ததும் நான் வழக்கம் போல முன்னால் போக எட்டி வைத்தேன். இவர் என் கையைப் பிடித்தார். பெரெக்கின் எண்ணெய் பிசுபிசுத்த கை.

"நில்லும்" என்றார்.

இரண்டு பேரும் ஒன்றாகக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றோம். அதே பொலிஸ் பிள்ளை. இரண்டு பாஸையும் வாங்கி, என்னைப் பார்த்து, இவரைப் பார்த்து, இவர் சட்டையில் கிடந்த பெரெக் துகளைப் பார்த்து, "டுகெதர்?" என்று கேட்டாள்.

இவருக்கு இங்கிலிஷ் நன்றாக வரும். ஜெர்மனும் வரும். ஆனால் அந்த நேரம் வாயில் வந்தது, "ஓம்."

அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். இரண்டு பாஸையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துத் திருப்பித் தந்தாள்.

பேணி இப்போது எங்கள் வீட்டுக் குசினியில் இருக்கிறது. நேற்றும் தங்கச்சி வீடியோவில் எடுத்தாள், "மைன கூ?" என்று கேட்டாள். நான் காட்டினேன். இவர் பின்னால் நின்றுகொண்டு, வடைக்கு உளுந்து ஊறப் போட்டாயிற்றோ என்று கேட்கிறார். உளுந்துக்கு இன்னும் கனகாலம் இருக்கிறதப்பா என்றால், மகளுக்குப் போன் எடுத்து மறுபடி சைப்பிரசுக்கு டிக்கெட் பார்க்கச் சொல்கிறார்.